செம்பனைப் பூவின் சோம்பு வாசம்

போன வருடம், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை காலை. மலேசியாவில் கூலாய்க்குப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு, என் மகளைத் திட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

விஷயம் இதுதான். அவள் ஜொகூரிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீடுகளில் "மக என்ன படிக்குது?" என்று யாராவது கேட்டால், "அக்கவுண்டன்சி" என்று சொல்லும்போதே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாப்பிடும்போது, "கோர்ஸ் மாத்திக்கப் போறேம்மா. பயிர் அறிவியல்" என்றாள். கணக்கியல் வகுப்பில் எப்போது முடியும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். அறைத்தோழியோடு அவளுடைய பயிர் அறிவியல் வகுப்புக்குச் சும்மா போய் உட்கார்ந்தபோது, நேரம் போனதே தெரியவில்லையாம்.

என் கணவர் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். சோறு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "தோட்டத்துக் கூலி வேலைய விட்டு வெளிய வர்றதுக்கு நம்ம ரெண்டு குடும்பமும் பட்ட பாடு போதாதா? திரும்பவும் செம்பனைக்கே போகணுமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயே போய் என்னன்னு பாரு. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம். நான் குறுக்க பேச மாட்டேன்லா" என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டார்.

என் முடிவு ஏற்கெனவே தயாராக இருந்தது. வேண்டாம். வெளியே சொல்ல வேலை, எதிர்காலம் என்று காரணங்கள் இருந்தன. உள்ளே இருந்த காரணம் வேறு. எனக்கு அவள்மேல் பொறாமை. பெற்ற மகள்மேலா என்று கேட்காதீர்கள், ஆமாம், அவள்மேல்தான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்த வயதில் நானும் உயிரியல் படிக்கத்தான் ஆசைப்பட்டேன். "கணக்குப் படிச்சா ஏர்கோன் ரூம்ல உக்காரலாம்" என்றார்கள் வீட்டில். தலையாட்டினேன். இன்றுவரை செனாயில் ஒரு தொழிற்சாலையின் ஏர்கோன் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை என்று வாய் திறந்து சொல்லலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. இவளுக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தது?

அந்தச் சனிக்கிழமை அறைத்தோழியின் வகுப்புக்குத் தோட்டத்தில் களப்பயிற்சி. விரிவுரையாளரிடம் கேட்டுக்கொண்டு இவளும் கூடவே வந்திருந்தாள். ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. நான் திட்டத் தொடங்குவதற்கு முன்பே, "ம்மா, இங்க வாங்க, சீக்கிரம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஆபீஸ் செருப்போடு சேற்றில் இறங்கினேன். எரிச்சல் இன்னும் ஏறியது.

கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் இளமரம். மட்டைகளுக்கு நடுவே விரல் விரலாக, வெளிர் மஞ்சளில் ஒரு பூக்கொத்து. அதை லேசாகத் தட்டினாள். எள்ளைப் போலக் குட்டி வண்டுகள் அவள் உள்ளங்கையில் விழுந்து ஊர்ந்தன. "மோந்து பாருங்க" என்றாள். குனிந்தேன். சோம்பு வாசம்.

இன்னொரு முறை குனிந்து மோந்தேன். தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இந்த வாசம் வரும். செம்பனைக்கும் சமையல் சோம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டிருக்கிறேன். "போய்ப் பாடத்தப் படி" என்பார்கள். ஆசிரியரும் அதையேதான் சொன்னார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன்.

"இது ஆண் பூம்மா. இந்த வாசத்துக்குத்தான் வண்டு வருது. பெண் பூவும் இதே வாசத்த விடும். வண்டு ஏமாந்து, ஒடம்புல ஒட்டுன மகரந்தத்தோட அங்கயும் போயிடும். அப்பத்தான் காய் பிடிக்கும்" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

அது என் கேள்வி. பதில் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. வயிறு எரிந்தது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள் மேலாளர் ஆனபோதுகூட எனக்கு இப்படி எரிந்ததில்லை. அந்த எரிச்சலில்தான் புத்தி வந்தது. உப்புப் பெறாத படிப்பாக இருந்தால் நான் எதற்கு இவ்வளவு பொறாமைப்பட வேண்டும்? நான் வேண்டாம் என்று சொன்னால் எனக்குப் பதில் கிடைத்துவிடப் போகிறதா? இன்னொருத்தியும் கேட்பதை விட்டுவிடுவாள், அவ்வளவுதான்.

"பெண் பூ எத்தன நாளைக்கு வாசம் விடும்?" என்று கேட்டேன். "தெரியலையேம்மா. கேட்டுச் சொல்றேன்" என்று விரிவுரையாளரைத் தேடி ஓடினாள். அந்த இடைவெளியில் கணவருக்குப் போன் போட்டு, "மாத்திக்கட்டும்" என்றேன்.

"நல்லா யோசிச்சியா?"

"நல்லா பொறாமைப்பட்டுட்டேன்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. மாத்திக்கட்டும்."

சொன்ன வார்த்தை மாறாமல் அவரும் குறுக்கே பேசவில்லை.

இப்போது அவள் பயிர் அறிவியல் மாணவி. கல்யாண வீட்டில் சொன்னால், "அலமாக், அக்கவுண்டன்சி என்னாச்சு?" என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் என் முதுகு இன்னும் பழையபடி நிமிரவில்லை. ஆனால் விடுமுறைக்கு வந்து, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் அவள் வேரையும் மண்ணையும் பற்றிப் பேசுகிறாள். கேட்கக் கேட்க எனக்கு இன்றும் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. அது எரிகிறவரைக்கும், அன்று சரியானதைத்தான் சொன்னேன் என்று நிம்மதியாக இருக்கிறது.