வட்டம் போட்ட விளக்குகள்

துறைமுகக் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வருடம் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். கிட்டவும் தூரவும் கண்ணாடி இல்லாமல் பார்க்கக்கூடிய லென்ஸ் வைத்தார்கள். அதன்பிறகு வீட்டில் ஒருவரும் நிம்மதியாக இருக்கவில்லை. மருந்துப் போத்தல், பிஸ்கட் பெட்டி என்று கண்ட பொடி எழுத்தையெல்லாம் உரத்து வாசித்தேன்.

"இஞ்சருங்கோ, குசினிக்கு வந்து தேத்தூள் பக்கற்றையும் வாசியுங்கோவன்!" என்று மனைவி சிரித்தாள்.

இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து சாம்பல்தீவில் மைத்துனி வீட்டுக்கு மனைவியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. எதிரே வந்த பஸ்ஸின் விளக்குகள் வட்டத்துக்குள் வட்டமாக விரிந்தன. தெருவின் ஓரம் எது என்று பிடிபடவில்லை. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டேன்.

"என்ன, பெற்றோல் முடிஞ்சுதோ?"

"இல்லை. லைற் எல்லாம் வட்டம் வட்டமாத் தெரியுது. என்னால ஓட ஏலாது."

"அப்ப இறங்குங்கோ."

அவளிடம் லைசன்ஸ் இருந்தது. ஆனால் பகலில் சந்தைக்குப் போவதைத் தவிர வேறெங்கும் ஸ்கூட்டி ஓடியதில்லை. நான் முதன்முறையாகப் பின்னால் ஏறினேன். நாங்கள் போன வேகத்துக்குச் சைக்கிள்காரர்கூட முந்திப் போனார். எனக்கோ தெருவைப் பார்க்கிற வேலை இல்லை. கடைகள், கோயில், எதிரே வரும் ஓட்டோக்கள் எல்லாவற்றுக்கும் ஒளிவட்டம்! ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். துறைமுகக் கரையில் நிறுத்தச் சொன்னேன். கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றும் பூப்போல விரிந்திருந்தன.

"எனக்கொண்டும் அப்பிடித் தெரியேல்லையே," என்றாள் குறையோடு. "எனக்குப் புரை வந்தால் இதே லென்ஸ்தான் வேணும்."

அடுத்த முறை போனபோது டொக்டர் கண்ணைச் சோதித்தார். "லென்ஸ் சரியா இருக்கு. மூளை பழகக் கொஞ்ச மாதம் எடுக்கும். அதுவரைக்கும் இருட்டில ஓடாதேங்கோ," என்றார்.

அப்படியே நடந்தது. வளையங்கள் மெல்ல மெலிந்து, தேடினால்தான் தெரியும் என்றாகிவிட்டன. ஒரு மாலை உற்சாகமாக அவளிடம் ஸ்கூட்டித் திறப்பைக் கேட்டேன்.

"நீங்கள் பின்னால இருந்து கதை சொல்லுங்கோ. நான் ஓடுறன்," என்றாள்.

போன கிழமை அவள் உப்புவெளியில் ஒரு பஸ்ஸை முந்தினாள். நான் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டேன்.