புறம்போக்குப் புல்லும் மைனியின் வலது கையும்

எனக்குப் புல் என்றாலே பயம். சொன்னால் சிரிப்பார்கள், ஏனென்றால் புல்லை எண்ணுவதுதான் என் பிழைப்பு. மழை ஓய்ந்து புல் கதிர் விடும் அந்தச் சில வாரங்களில் நானும் என் மைனியும், அதாவது அண்ணன் மனைவியும், விடிவதற்குள் தாராவியை விட்டுக் கிளம்புவோம். சயானில் ரயில் ஏறிக் கல்யாணில் இறங்கினால் ஆபீஸ் ஜீப் நிற்கும். அங்கிருந்து மலையடிவாரம். அரசாங்கத்து மேய்ச்சல் புறம்போக்கு அங்கே கண்ணுக்கு எட்டியவரை கிடக்கிறது. மாடு எதைத் தின்கிறது, எந்தப் புல் குறைகிறது, எந்தக் களை ஏறுகிறது என்று வருஷா வருஷம் அதே இடங்களில் பார்த்து எழுத வேண்டும். மைனி செம்பூரில் தாவரவியல் படித்தவள். எழுதிக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துப் போனாள்.

வேலை லேசானதுதான். நீளமாகக் கயிறு கட்டி, குறித்த தூரத்தில் ஒரு சதுர இரும்புச் சட்டத்தை வைப்போம். சட்டம் எங்கே உட்காருகிறதோ அங்கேதான் எண்ண வேண்டும். முள் இருந்தாலும் சரி, பொந்து இருந்தாலும் சரி, நகர்த்தக் கூடாது. எண்ணி முடிக்கும்வரை சட்டத்துக்குள் கம்பால் தட்டவும் கூடாது. தட்டினால் விதை உதிர்ந்து, தண்டு சாய்ந்து, கணக்கு கெட்டுவிடுமாம். இதைக் கேட்ட முதல் நாளே திரும்பி ஜீப்பில் ஏறப் பார்த்தேன். உள்ளே பாம்பு கிடக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் கையை விடுவதா? அடக் கடவுளே!

"மைனி, ஒரே ஒரு தட்டு தட்டிக்கிடுதேன்."

"ஏ பிள்ள, சும்மா கெட. சந்துல எலி ஓடுனாலே கட்டில் மேல ஏறுதவ நீ. ஒன் பயத்தப் பாத்தா நான் புல்லு எண்ண முடியுமா?"

அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. அவள் பங்குக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டேன். காலடியில் சருகு அசைந்தால் போதும், கத்திவிடுவேன். ஜீப் டிரைவர் மராத்திக்காரர், நல்ல மனுஷன். தினமும் என்னைப் பார்த்து, "காப்ரு நகா, தாயி," என்பார். பயப்படாதே அக்கா என்று அர்த்தம். மைனியிடம் அவர் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருஷம் மழை இழுத்துக்கொண்டே போனதில் புல் இடுப்பளவு நின்றது. கதிரும் சரியாக வரவில்லை. கதிர் வராவிட்டால் எங்களுக்குத் தலைவலி. மாடு விரும்பித் தின்னும் புல்லும், மோந்து பார்த்துவிட்டு விலகும் புல்லும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் ஒன்றுக்கு மெல்லிய மயிர் உண்டு, மற்றதற்குக் கிடையாது. அதைத் தடவிப் பார்க்க வேண்டும். தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு தடவினால் ஒரு மண்ணும் தெரியாது. அதனால் எங்கள் வேலையில் இருக்கிற எல்லோருமே அந்தத் தப்பைச் செய்வார்கள். மைனியும் செய்தாள். வலது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புல் தூரில் கையை விட்டாள்.

குக்கர் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மைனி கையை வெடுக்கென்று இழுத்தாள். விரலில் இரண்டு சொட்டு ரத்தம். தடித்த உடம்பில் வட்ட வட்டமாகப் புள்ளி போட்ட ஒன்று அவசரமே இல்லாமல் புல்லுக்குள் நகர்ந்து போனது. கண்ணாடி விரியன்.

"கடிச்சிட்டு," என்றாள், பஸ் போயிட்டு என்கிற குரலில். "வளையலக் கழத்து. மோதிரத்தையும். நான் நடக்கக் கூடாது. அவரக் கூப்பிடு."

கூப்பிடவா? அலறினேன். ஓடைக்கு அந்தப்பக்கம் நின்ற டிரைவர் ஜீப்பை வரப்பு மேலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அளவுகோலை வைத்து என் துப்பட்டாவால் கையை அசையாமல் கட்டினோம். ஜீப்பில் அவள் தலை என் மடியில் கிடந்தது. கை உப்பிக்கொண்டே வந்தது. இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன், பள்ளிக்கூடம் விட்டு வரும் அவள் மகளிடம் எந்த முகத்தோடு நிற்பேன் என்பதற்கு மேல் என் புத்தி ஓடவில்லை.

தாலுகா ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருத்தி ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து மேஜைமேல் நிறுத்தினாள். அதை இருபது நிமிஷம் யாரும் தொடக் கூடாது. அப்புறம் சாய்த்துப் பார்ப்பாள். உறைந்திருந்தால் விஷம் ஏறவில்லை, தண்ணீராக ஓடினால் ஏறிவிட்டது என்று இந்தியில் விளக்கினாள். தாராவிப் பிள்ளையார், ஊர்ச் சுடலைமாடன், மாஹிம் மாதா என்று எனக்குத் தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டேன். சாய்த்தாள். உறைந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மைனிகூடச் சிரித்தாள்.

ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு குழாய் எடுத்தாள். அதையும் இருபது நிமிஷம் நிறுத்திவைத்துச் சாய்த்தபோது ரத்தம் குழாயின் வாய்வரை ஓடி வந்தது. நர்ஸ் மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

கட்டிலிலிருந்து மைனி என்னைப் பார்த்தாள்.

"உறைஞ்சிட்டா?"

"உறைஞ்சிட்டு மைனி. சும்மா ஒரு பாதுகாப்புக்கு மருந்து ஏத்துதாங்க. நீங்க கண்ண மூடுங்க."

என் குரல் நடுங்கவே இல்லை. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, தெரியவில்லை. மைனியின் முகம் வெளுத்துவிட்டது. நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்லாத பிள்ள. நீ கத்தாம பேசுத. எனக்குப் பயமாருக்கு."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. தகவல் கேட்டு அண்ணன் கல்யாணிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து வாசலில் நின்றான். மைனி கண்ணை மூடவே இல்லை. டாக்டரம்மா ஒவ்வொரு தடவை உள்ளே வந்தபோதும் மைனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மறுபடி ஒரு குழாய் எடுத்தார்கள். டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். தலைகீழாகவே கவிழ்த்துவிட்டாள். ஒரு சொட்டு நகரவில்லை.

நான் அலறிய அலறலில் பக்கத்து வார்டிலிருந்து ஆள்கள் ஓடி வந்தார்கள். நர்ஸ் கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் பதறிப்போய் என் வாயைப் பொத்தினான். அந்த அலறலைக் கேட்ட பிறகுதான் மைனி என் மணிக்கட்டை விட்டுவிட்டுத் தூங்கினாள்.