உருகாத கம்பி

அந்த வயர்மேனைத் தெருவில் எல்லோரும் கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கை வைத்த வீட்டில் ஃபியூஸ் போகாது. இருபது வருடமாக அந்தப் பேரில்தான் பிழைப்பு ஓடியது. கைராசியாவது, மண்ணாங்கட்டியாவது. ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பி போட வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவிட்டு வருவார், அவ்வளவுதான் ரகசியம்.

விஷயம் தெரியாத ஆளில்லை. வோல்டேஜ் என்பது பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம். கரண்ட் என்பது ஒயரில் ஓடும் அளவு. ஒரே ஒயரில் நாலைந்து சாமான்களை மாட்டினால் ஓட்டம் கூடும், ஒயர் சூடேறும். சுவருக்குள் இருக்கும் ஒயர் எரிவதற்குள், மெல்லிய கம்பி தான் உருகி ஓட்டத்தை அறுத்துவிடும். ஆனால் அது உருகும்போதெல்லாம் ஆள் அனுப்புவார்கள், முணுமுணுப்பார்கள். தடித்த கம்பி உருகாது, பேரும் கெடாது.

மனைவி வேலை பார்க்கும் தையல்கூடத்திலும் அதையேதான் செய்திருந்தார். புதிதாக வந்த இரண்டு இஸ்திரிப் பெட்டிகளால் அங்கே ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. மூன்று மாதமாகப் போகவில்லை.

அன்று மத்தியானம் அவள் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போனார். அவள் சுவரோரம், துணிக் குவியலுக்கு நடுவில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்த சுவத்துல சாஞ்சு உக்காந்தா முதுகுக்கு இதமா இருக்கு. கொஞ்ச நாளா வலியே தெரியல," என்றாள்.

அவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுவர் சூடேறியிருந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தார். மிஷின்கள் எல்லாம் நின்றன.

"என்னண்ணே இது? உங்க புண்ணியத்துல ஒழுங்கா ஓடிட்டிருந்துச்சு, இப்ப நீங்களே நிறுத்தினா எப்படி?" என்றாள் தையல்கூடத்துக்காரி.

அவர் மனைவியின் தலைக்கு மேலிருந்த சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார். உள்ளே ஒயரின் உறை கறுத்துப்போயிருந்தது. தொட்டதும் பொடிப்பொடியாக அவள் மடியில் உதிர்ந்தது.

அவள் அந்தக் கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வேற எங்கெல்லாம் இப்படிப் போட்டிருக்கீங்க?"

"மருந்துக்கடை... மூலை வீடு... உங்க அக்கா வீடு..."

அதற்கு மேல் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வேறு ஒரு வாசல்கூட நினைவுக்கு வரவில்லை. திரும்பக் கூப்பிட்டிருந்தால் அல்லவா வீடு நினைவிருக்கும். இருபது வருடமாக அவரை யாரும் திரும்பக் கூப்பிடவே இல்லை.