நான் ஆய்வுக்கூடத்தை விட்டு வந்தது

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஊர் ஊராகப் போய்ப் பால் வாங்கிக்கொண்டிருந்தேன். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, பம்பாயில் பயிற்சி பெற்று, அரசாங்கத்தின் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தவனுக்கு இதுதான் வேலை என்றால் யாரும் நம்பவில்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அணு உலை ஓடத் தொடங்க இன்னும் வருடங்கள் ஆகும். ஓடத் தொடங்கியபின், அக்கம்பக்கத்து ஊர்களின் பாலிலும் மீனிலும் அரிசியிலும் கதிரியக்கம் கூடியிருக்கிறதா என்று யாராவது கேட்டால் பதில் வேண்டுமே? அதற்கு, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். மண்ணிலும் கல்லிலும் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. அதை அளந்து வைப்பதுதான் எங்கள் பிரிவின் பொறுப்பு. பாலை வற்றவைத்து, சாம்பலாக்கி, ஈயக் கட்டிகளுக்கு நடுவில் வைத்து அளப்போம்.

"இன்னா சார், எங்க பால்ல இன்னா கீதுன்னு தேடறே?" என்று ஒரு குப்பத்துப் பால்கார அம்மா கேட்பாள்.

"ஒண்ணும் இல்லன்னு எழுதத்தாம்மா தேடறோம்" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு குவளை ஊற்றுவாள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். என் மனைவி பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே நான் பயிற்சிக்குப் போக, நான் பம்பாயில் இருந்தபோது அவளுக்கு ஒரு கரு கலைந்துபோயிருந்தது. ஆரம்பத்திலேயே கலைந்தது என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து அவள் உண்டானபோது நான் கடலோர வேலையில் இருந்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை சகஜம், வெயிலில் காட்டுங்கள் என்றார்கள். காட்டினோம். பால் குடிப்பதை நிறுத்திவிட்டு, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, போய்விட்டது. ஞானஸ்நானம்கூடக் கொடுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு அந்தச் சின்னப் பெட்டியை நானே மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனேன்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மாமியார் வந்து தங்கியிருந்தார். ஒருநாள் காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"மாப்ள, தப்பா நினைக்காதீங்க. உங்க வேலையில என்னமோ கதிர் வருமாமே. அது துணியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வருமா?"

"அங்க இன்னும் உலையே ஓடல அத்தை. நான் அளக்கிறது பசும்பால்."

"ஒண்ணுமே இல்லன்னா எதுக்கு அளக்கிறீங்க? இல்லாததை யாராவது அளப்பாங்களா?"

எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். மாமியாருக்கு என்னால் விளக்க முடியவில்லை. உள்ளறையில் என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் என் சட்டைகளைத் தனியாகத் துவைத்தாள். ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கதிர் அளக்கிற மீட்டரை ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டு வாங்களேன். பாத்துட்டா மனசு ஆறிடும்."

என் மேலதிகாரி நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், "கொண்டு போய்யா. திங்கக்கிழமை திரும்பி வந்துடணும்" என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மீட்டர் பெட்டியைத் திறந்தேன். என் சட்டை, கட்டில், குழந்தைக்குத் தூளி கட்டிய புடவை என்று ஒவ்வொன்றின் மேலும் பிடித்தேன். டிக், டிக்கென்று நிதானமாக அடித்தது. எங்கேயும் அடிக்கிற அளவுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் முகம் வெளுத்துப்போனது.

"சத்தம் வருதே!"

"இது எல்லா இடத்துலயும் வரும்மா. மண்ணு, செவுரு, நம்ம உடம்பு எல்லாத்துலயும் கொஞ்சம் உண்டு."

"என் மேல வச்சுப் பாருங்க."

வயிற்றருகே பிடித்தேன். டிக், டிக்.

"எனக்குள்ளயும் இருக்கா?" என்றாள். அதற்குமேல் நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. சாயங்காலமே மாமனார் வந்து அவளைக் கூட்டிப் போனார்.

வேலையை விடு என்று அவள் ஒருபோதும் கேட்கவில்லை. வாராவாரம் ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போவேன். எதிரே உட்காருவாள், என்னைத் தொட மாட்டாள். இப்படியே சில மாதங்கள் ஓடின. நான்தான் ராஜினாமா எழுதினேன்.

மேலதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ போனா ஊருக்குள்ள கதிரைப் பத்திப் பயந்து பேசறதெல்லாம் நிஜம்னு ஆயிடும். அது தெரியுதா உனக்கு?"

"தெரியுது சார். எனக்கு அவ வேணும் சார்."

அவர் சொன்னதுதான் நடந்தது. எனக்குப் பதிலாகப் போனவரிடம் அந்தப் பால்கார அம்மா, "அளக்க வந்த சாரே ஓடிப்புட்டாராமே" என்று கேட்டுவிட்டுக் குவளையைக் கவிழ்த்துவிட்டாளாம். கொஞ்ச நாள் அந்தக் குப்பத்தில் யாருமே பால் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பல்லாவரத்தில் ஒரு டுடோரியல் காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கப் போனேன். மனைவி திரும்பி வந்தாள். மறுபடியும் சிரித்தாள், என் சட்டைகளை அவளுடைய புடவைகளோடு சேர்த்துத் துவைத்தாள். மீண்டும் உண்டானபோது மாமியார் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து உபவாச ஜெபம் வைத்தார்.

பையன். அழுத குரல் வாசல்வரை கேட்டது. சில மணி நேரத்தில் அவனும் மஞ்சளானான்.

இந்தத் தடவை காத்திருக்கவில்லை. டாக்ஸி பிடித்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் குழந்தையைப் பார்த்ததுமே என் ரத்தத்தையும் எடுத்தார், பிரசவ விடுதிக்கு ஆள் அனுப்பித் தாயின் ரத்தத்தையும் வாங்கிவரச் சொன்னார். பையனின் ரத்தத்தை மாற்ற ஏற்பாடு செய்வதற்குள் அவன் அடங்கிவிட்டான்.

டாக்டர் என்னை வராந்தாவில் உட்காரவைத்தார். "உங்க ரத்தம் பாசிட்டிவ். அவங்களுது நெகட்டிவ். ரெண்டும் ஒத்துப்போகல, தாயோட ரத்தமே குழந்தையோட ரத்தத்தை அழிச்சிடுது. முதல்ல ஒண்ணு கலைஞ்சுதுன்னீங்களே, அப்பவே ஆரம்பிச்சிருக்கும்."

"நான் முன்னாடி அணு ஆராய்ச்சியில இருந்தேன் டாக்டர். அதனால..."

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சார். நீங்க வாத்தியாரா இருந்திருந்தாலும் இதேதான்."

"இப்ப வாத்தியாராத்தான் இருக்கேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பையனையும் கல்லறைத் தோட்டத்தில் அவன் அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, டாக்டர் சொன்னதை மனைவியிடம் சொன்னேன். என் வேலை காரணமில்லை என்று தெரிந்தால் அவளுக்கு ஏதோ ஒரு பாரம் குறையும் என்று எண்ணினேன். படுத்திருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப என் ரத்தம்தானா?"

"ரெண்டு பேரோடதும் சேர்ந்துதான்."

"பெத்தது என் உடம்புதானே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். டாக்டர் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது குழந்தையும் போனது ஏன் என்று மாமியார் கேட்டபோது, "வேலையை விட்டாலும் உடம்புல தங்கியிருக்கும் போல அத்தை" என்றேன். அவர் தலையிலடித்துக்கொண்டு அழுதார். மகளை அணைத்துக்கொண்டு, "நீ என்னடி பண்ணுவே பாவம்" என்று முதுகைத் தடவினார். என் மனைவி தாயின் தோளுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்ததுக்கு முன்கூட்டியே வாருங்கள், முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் போகவில்லை. இருவருக்கும் தெம்பு இல்லை.

மாமியார் கடைசிவரை அந்த ஆய்வுக்கூடத்தைச் சபித்துக்கொண்டேதான் இருந்தார். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைக் காட்டி, அணுவிடம் குழந்தைகளைப் பறிகொடுத்தவன் என்று கிசுகிசுப்பார்கள். அங்கே வேலைக்கு ஆர்டர் வந்த பையன்களின் அப்பாக்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். அவர்களிடம் மட்டும், "தைரியமா அனுப்புங்க, ஒண்ணும் ஆகாது" என்பேன். என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு என் மனைவியைப் பார்ப்பார்கள். சரி சார் என்று எழுந்து போய்விடுவார்கள்.