ரவிக்கையின் உள்தையல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் எங்களுக்கு மகன் பிறந்தான். சில மாதங்களில் என் மைத்துனனுக்குக் கல்யாணம் வந்தது. மனைவி தன் முகூர்த்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள், கொக்கி சேரவில்லை.

"உள்தையலைப் பிரிச்சா சரியாயிடும்," என்றாள். பின்னால் உடம்பு போடும் என்றுதான் தையற்காரர்கள் உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள்.

"ரவிக்கையைப் பிரிக்காதே, உடம்பைக் குறை," என்றேன். அன்றிலிருந்து அவளுக்குச் சோற்றை நானே அளந்து வைத்தேன். மாலையில் தெருவைச் சுற்றி நடக்கச் சொல்லி விரட்டினேன்.

"பால் கொடுக்கிறவ நான். பசிக்குது."

"அண்டா மாதிரி ஆயிட்டே, இன்னும் என்ன பசி?"

ஒருநாள் இருவரும் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கித் திரும்பும்போது, நான் கால்சட்டை கொடுத்திருந்த தையற்காரர் கூப்பிட்டார்.

"சார், சிலுவார் ரெடி. இடுப்பைப் பிரிச்சு விட்டாச்சு. இனிமே பிரிக்க உள்ள துணி இல்ல லா."

மனைவி என் வயிற்றைப் பார்த்தாள்.

"பிள்ளை பெத்தது நானா, நீங்களா?"

தையற்காரர் சிரித்துவிட்டார். "வாயை மூடுடி," என்று நடுத்தெருவில் கத்தினேன்.

மறுநாள் அவளே அந்தக் கடைக்குப் போய் ரவிக்கையைப் பிரித்துக்கொண்டு வந்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்கு வந்தாள். பந்தியில் என் பக்கத்து இலையை விட்டு எழுந்து, கடைசி வரிசையில் பெண்களோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

அதன்பின் சாகும்வரை என் கண்ணெதிரே அவள் சாப்பிட்டதில்லை. எனக்குப் பரிமாறுவாள், நான் எழுந்து போன பிறகே தன் தட்டை எடுப்பாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று சொல்ல எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.