ஆம்பூர் பதினைந்து மாடியும் என் கல்யாணமும்

கட்டட வேலையில் இருப்பவர்களை ஊர், பெயர் சொல்லிக் கூப்பிடாது, "எப்ப முடியும்?" என்றுதான் கூப்பிடும்.

சைட்டில் வெயில் காய்ந்த நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததல்ல. ஆம்பூரில் எழும்பிய முதல் பதினைந்து மாடிக் கட்டடத்தில் நான் சைட் இன்ஜினியர். பெங்களூர் பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்த கட்டடம். ஊருக்கு அது பெருமை, எனக்கு அடைக்கலம். மாதனூரில் எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு எடுத்தபோது, "இந்தக் கட்டடம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லித் தப்பித்தேன். அப்பாவும் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மா, போகும்போதும் வரும்போதும் மாடிகளை எண்ணத் தொடங்கினாள். கட்டடம் சீக்கிரம் உயரவேண்டும் என்பதற்குச் சம்பளம் வாங்கினேன், உயரக்கூடாது என்று சாமி கும்பிட்டேன்.

அடிப்பக்கம்

மூன்றாவது மாடியில் காங்கிரீட் இறுகி, அதைத் தாங்கிய பலகைகளைப் பிரித்த மறுநாள், அங்கே வீடு பதிவு செய்திருந்த தோல் வியாபாரி ஒருவர் பார்க்க வந்தார். நான் வரைபடத்தை விரித்துப் பால்கனி, லிப்ட், கார் நிறுத்தும் இடம் என்று ஆரம்பித்தேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. சுவரைக் கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு அண்ணாந்தபடியே அறை அறையாக நடந்தார்.

கூரையின் அடியில் ஓர் இடத்தில் காங்கிரீட் சரியாக இறங்காமல் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. காலையில் அதைக் காட்டித்தான் மேஸ்திரியோடு சண்டை போட்டிருந்தேன். அதனால் "அதெல்லாம் ஒன்றுமில்லை பாய், பூச்சில் போய்விடும்" என்று சொல்ல வாய் வரவில்லை. "உடைத்துச் சரிசெய்துவிடுவோம் பாய்" என்றேன். அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"தோல்ல மேல்பக்கத்த எல்லாரும் பளபளன்னு காட்டுவாங்கம்மா, நான் திருப்பிப் பாத்துதான் வாங்குவேன். இது செகண்ட்ஸ், ரெண்டாந்தரம், வெலைய கம்மி பண்ணிப் போடு."

வெள்ளிக்கிழமை

எட்டாவது மாடித் தளம் போட எங்கள் மேனேஜர் வெள்ளிக்கிழமை நாள் குறித்தார். அவர் சென்னைக்காரர். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வெள்ளி லீவு, லோடு லாரி ஓடாது, சாலை காலியாக இருக்கும், காங்கிரீட் மிக்ஸர் லாரிகள் வழுக்கிக்கொண்டு வரும் என்பது அவர் கணக்கு. "சார், லீவு அன்றைக்குத்தான் ஊரே வெளியே வரும்" என்றேன். நான் வேலையைத் தள்ளிப்போடப் பார்க்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து, பிரியாணி முடிந்து, ஊர் குடும்பம் குடும்பமாகக் கிளம்பியது. வேறெங்கே போகும்? எங்கள் கட்டடத்தைப் பார்க்கத்தான். ஐஸ் வண்டி வந்தது, கடலை வண்டி வந்தது, டூவீலர்கள் சாலையை அடைத்தன. மூலையில் மிக்ஸர் லாரிகள் வயிற்றைச் சுழற்றிக்கொண்டு நின்றன. உள்ளே இருக்கிற காங்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது, இறுகிவிடும். நான் ஹெல்மெட்டோடு சாலையில் ஓடி, வழிவிடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். தோளில் பிள்ளையை உட்காரவைத்திருந்த ஒருவர் மிகவும் பொறுமையாக என்னிடம் சொன்னார்:

"இன்னாம்மா பேஜார் பண்றே, வாரத்துல ஒரு நாள் பாக்க வர்றோம். லாரிய நாளைக்கு வரச் சொல்லேன்."

பாதி வழியில்

பன்னிரண்டாவது மாடி வந்ததும் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "முடியறதுக்குள்ள பேசியாவது வைப்போம்" என்று ராணிப்பேட்டையில் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, பெண் வேலை செய்கிற இடத்தைப் பார்க்கவேண்டுமாம். என் அப்பாவோடு சைட்டுக்கு வந்தார். ஆளும் சாமானும் ஏறுகிற கம்பிக்கூண்டில் இருவரையும் ஏற்றினேன். ஏழாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவில் கரண்ட் போனது.

கூண்டை ஓட்டுகிற காதர் அண்ணன், உலகத்திலேயே உயரமான துபாய் கட்டடத்தில் வேலை பார்த்தவர். தைரியம் சொல்கிறேன் என்று அந்தக் கதையை எடுத்தார். அங்கே மேலே போனால் காது அடைக்கும், கீழே மேகம் தெரியும், கூண்டு நின்றால் இதைவிட ஜாஸ்தி ஆடும் என்றெல்லாம் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் காதர் அண்ணனை வாயை மூடச் சொல்லிவிட்டு, பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கூண்டைத் தரைக்கு இறக்கினேன். மாப்பிள்ளையின் அப்பா ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, என் அப்பாவிடம் சொன்னார்:

"பொண்ணு தங்கமான பொண்ணுங்க. இந்த வேலைய மட்டும் வுட்டுடச் சொல்லுங்க."

கடைசித் தளம்

கடைசித் தளம் போட்ட அன்று சைட்டில் எல்லோருக்கும் பிரியாணி. எனக்கு ஒரு பிடி இறங்கவில்லை. காலையில் சென்னை ஆபீசிலிருந்து போன் வந்திருந்தது. அங்கே முப்பது மாடி ஒன்று தொடங்குகிறது, வருகிறாயா, சாயங்காலத்துக்குள் சொல். வீட்டிலோ, பெண் வேலையை விட்டுவிடுவாள், நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம் என்று அப்பா ராணிப்பேட்டைக்குச் சொல்லப்போகிறார். மணல் குவியலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எந்தப் பதிலைச் சொன்னாலும் யாரையோ ஏமாற்றுகிற மாதிரி இருந்தது.

ஷிப்ட் முடிந்ததும் அம்மா கம்பெனி பஸ்ஸை விட்டு எங்கள் கேட்டில் இறங்கினாள். கழுத்தில் கம்பெனி அட்டை, மேலே கம்பெனி கோட்டு. "மேல கூட்டினு போ" என்றாள். ஹெல்மெட் மாட்டிக் கூட்டிப்போனேன். காற்றில் அவள் முந்தானை நிற்கவில்லை. பாலாறு, தண்டவாளம், தகரக் கூரைகள். நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பிருந்து அவள் உட்கார்ந்து ஷூ தைக்கிற கூரையைக் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "எனக்கு இந்த வேலைய வுட மனசில்லம்மா. வுட்டுட்டு எந்த வீட்டுல போய் உக்காந்தாலும் என்னால இருக்க முடியாது" என்றபோது அழுகை வந்துவிட்டது. அம்மா என்னைத் தேற்றவில்லை. ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு, "மெட்ராஸ்ல அது எத்தினி மாடி?" என்றாள். "முப்பது" என்றேன்.

"அப்போ அதுவும் முடியட்டும். உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

இப்போது சென்னைக் கட்டடம் பத்தொன்பதாவது மாடியில் நிற்கிறது, வேலை படுவேகமாக நடப்பதுதான் என் ஒரே கவலை.