சாக்குப்பை அடித்த வராந்தா

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டு வயதில் கிட்டார் வாங்கியவன் நான். அதைக்கூட மன்னித்துவிடலாம். எட்டு மாதமாகியும் ஒரு பாட்டு உருப்படியாக வராததற்குக் காரணம் எங்கள் வீட்டு வராந்தாதான் என்று நம்பினேனே, அந்த முட்டாள்தனத்துக்குத்தான் மன்னிப்பு கிடையாது.

கல்கத்தாவில் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, கம்பிமேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பார்கள். பார்த்தால் சட்டைக்கு இஸ்திரி போடுவது மாதிரி இருக்கும். நாங்கள் குடியேறிய எழுபதுகளில், சாயங்காலமானால் எங்கள் டாலிகஞ்ச் பேட்டையில் வீட்டுக்கு வீடு அந்த இழுவை கேட்கும். ஆபீஸ் போகிற ஆம்பிளைகளும் கூச்சமில்லாமல் வாசிப்பார்கள். எங்கள் ஊர் கோவில்பட்டியில் என் வயசுக்காரன் இதைக் கையில் எடுத்திருந்தால் வேலை போய்விட்டதா என்று விசாரித்திருப்பார்கள். அந்தச் சுதந்திரத்தில் மயங்கித்தான் வாங்கினேன்.

மாடியில் எங்களுக்கு ஒரே அறை, அதையொட்டி வராந்தா. நடுவில் ஒரு குறுகிய சந்து. அதற்கு அந்தப் பக்கம் மாலா பௌதியின் வராந்தா. பௌதி என்றால் அண்ணி. அக்கம்பக்கத்துப் பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் என் மனைவி செண்பகம் பாஷை தெரியாமல் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் அவள் கையிலிருந்த கத்தரிக்காயைக் காட்டி பௌதி, "பேகுன்" என்றார். இவள், "கத்தரிக்கா" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. காய்க்காரர் கீழே வந்ததும் இருவரும் கயிற்றில் பையை இறக்குவார்கள். இருவருக்கும் சேர்த்து பௌதி பேரம் பேசுவார். பிறகு விளக்கு வைக்கிறவரை பேச்சுதான், சிரிப்புதான்.

நான் ஆபீஸ் விட்டு வந்து கிட்டாரோடு உட்காருவதும் அதே நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிப் பலகைகள் வாங்கிவந்து வராந்தாவை அடைத்தேன். சத்தத்தைக் குடிக்கட்டும் என்று உள்பக்கம் சணல் சாக்கையும் பழைய மெத்தையையும் வைத்து ஆணி அடித்தேன். செண்பகம் ஆணிகளை எடுத்துக் கொடுத்தாள்.

பௌதியின் கணவர் கீழே நின்று என்ன விஷயம் என்று கேட்டார். "ஒனேக் கொதா, கிட்டார் ஹொச்சே நா" என்றேன். பேச்சு ரொம்ப, கிட்டார் நடக்கவில்லை என்று அர்த்தம். விஷயத்தைச் சொல்லும் அளவுக்குத்தான் எனக்கு வங்காளம் தெரியும். அதை மெத்தென்று சொல்லும் அளவுக்குத் தெரியாது. அவர் "அச்சா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு பௌதியின் குரல் நின்றது. செண்பகமும் எந்த முகத்தோடு போவது என்று அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அறையில் அமைதி வந்தது, வேர்வை வந்தது, பாட்டு மட்டும் வரவில்லை. கவனத்தைக் கலைக்க எதுவுமே இல்லாமல் போன பிறகுதான், கலைவதற்கு என்னிடம் கவனமே இல்லை என்று தெரிந்தது.

துர்கா பூஜைக்கு முன்னால் காய்க்காரர்தான் சொன்னார். பௌதியின் கணவருக்கு மாற்றலாகி, முந்தின நாள் சாயங்காலம் சாமான்களோடு சிலிகுரி போய்விட்டார்களாம். வண்டியில் ஏறுமுன் பௌதி வராந்தாவுக்கு வந்து செண்பகத்தை மூன்று தடவை கூப்பிட்டாராம். உள்ளே நான் வாசித்துக்கொண்டிருந்தேன். சமையல் மேடைப் பக்கம் செண்பகம் இருந்தாள். நான் கட்டிய அறை சரியாக வேலை செய்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அன்றே பலகைகளைப் பிடுங்கினேன். எதிர்வராந்தாவில் வெறும் கொடிக்கயிறு ஆடிக்கொண்டிருந்தது. செண்பகம் ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

அடுத்த லீவில் கோவில்பட்டி போயிருந்தோம். மார்க்கெட்டில் செண்பகம் தன்னை அறியாமல், "பேகுன் அரைக்கிலோ போடுங்க" என்றாள். கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்த ஊரு தாயி?" என்று கேட்டாள். செண்பகம் பிறந்த தெரு அந்த மார்க்கெட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் சிரித்தேன்.

வீடு வருகிறவரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில் பையை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்தவுக மூணு வாட்டி கூப்ட்டாக. எனக்கு அது கேக்கல, ஒங்க கிட்டாருதான் கேட்டுச்சு. அதையாவது ஒழுங்கா வாசிச்சிருக்கலாம்."